ஆளில்லாத கடையில் கொடுப்பவர் யார்?

கடை என்று சொன்னவுடன் நம் கண்முன் தோன்றுவன பண்டமும் விலையும் மட்டுமல்ல. அவ்விரண்டிற்கும் நடுவே அமர்ந்திருக்கும் ஒருவரும் தோன்றுகிறார். அவர் எடுத்துத் தருகிறார், நாம் பெற்றுக்கொள்கிறோம். பெறுதல் என்னும் செயலுக்குள் கொடுத்தல் என்னும் செயல் ஒளிந்திருப்பதை நாம் நாள்தோறும் நினைப்பதில்லை. நம் ஆசாரியர்கள் அதை நினைத்திருக்கிறார்கள். களவுக்கு இலக்கணம் வகுக்கப் புகுந்த உமாஸ்வாமி ஆசாரியர் பூட்டை உடைப்பதையோ கன்னம் வைப்பதையோ சொல்லவில்லை. கொடுக்கப்படாததைக் கொள்ளுதலே களவு என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் சுருங்க உரைத்தார். இரத்தினகரண்டக சிராவகாசாரம் அருளிய சமந்தபத்திர ஆசாரியர் இல்லறத்தாரை மனத்திற்கொண்டு அதனை இன்னும் விரித்தார். பிறர் ஓரிடத்தில் வைத்த பொருள், கீழே விழுந்து கிடக்கும் பொருள், மறந்துவிட்டுப் போன பொருள் ஆகியவற்றை உரியவர் விடுவிக்காதபோது தானும் எடுத்தலாகாது, எடுத்துப் பிறர்க்கு ஈதலும் ஆகாது என்பது அவர் கருத்து. நம் இல்லங்களில் பெரியவர்கள் பயிலும் அருங்கலச்செப்பும் இவ்வழியையே பின்பற்றித் தமிழில் அமைந்ததாகும்.

இவ்விலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆளில்லாத ஒரு கடையின் முன் நின்றால் என்ன ஆகும்? பண்டம் இருக்கிறது, அது ‘வைக்கப்பட்ட பொருள்’. விலை எழுதியிருக்கிறது. கொடுப்பவர் இல்லை. அங்கிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு பணத்தை வைத்துவிட்டு வருகிறவர் பெற்றுக்கொண்டவரா, எடுத்துக்கொண்டவரா? இது வாதத்திற்காகக் கட்டிய கேள்வி அன்று. சென்ற பங்குனியில் செந்துறைப் பக்கத்தில் நாமும் நம்முடன் வந்த அன்பர்கள் மூவரும் வெயிலில் நின்றுகொண்டு இதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசும்படி ஆயிற்று.

செந்துறையைப் பலர் இரயில் சன்னல் வழியாக மட்டுமே அறிவர். விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியே திருச்சிராப்பள்ளி செல்லும் குறுக்குப் பாதையில், அரியலூருக்கு முன்னால் வருகின்ற நிலையம் அது. பழைய பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து 2007-ஆம் ஆண்டு மீண்டும் தனியாகப் பிரிந்த அரியலூர் மாவட்டத்தில் அது ஒரு வட்டத்தின் தலைநகர். ஊரைத் தாண்டினால் செம்மண், செம்மண்ணில் முந்திரி. இடையிடையே சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் எழுப்பும் வெண்புழுதி. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்நிலப்பரப்பு கடலின் அடியில் கிடந்தது என்று நிலவியலார் கூறுவர். சுருண்ட நத்தையைப் போன்ற கல்லுருக்கள் இன்றும் இங்குள்ள ஓடைக்கரைகளில் கிடைக்கின்றன.

அச்சாலையோரத்தில் ஒரு பனையோலைக் கொட்டகை. பலகை கிடையாது, பெயர் கிடையாது. ஒரு மரப்பெட்டியின் மேல் உடைத்த முந்திரிப்பருப்புப் பொட்டலங்கள், ஒரு முறத்தில் புளி, ஒரு வாளியில் பனங்கிழங்கு. கிழங்கை நாம் உண்பதில்லையாதலின் அதை விட்டுவிடலாம். தூணில் ஒரு சிலேட்டு தொங்கியது. அதில் பொட்டலம் நூறு ரூபாய் என்று சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருந்தது. பக்கத்தில் மூடியில்லாத ஒரு பால்மாவு டப்பா. அதனுள் சில நோட்டுகள், அவை பறந்துவிடாதபடி மேலே பாரமாக ஒரு சுருள்கல். கடலில் வாழ்ந்த ஓர் உயிரின் உடற்கூடு, கடல் வற்றிப் பல கோடி ஆண்டுகள் கழிந்தபின், யாரோ ஒருவருடைய பணத்திற்குக் காவலிருந்தது. வேறு காவல் எதுவும் அங்கில்லை. கூப்பிட்டுப் பார்த்தோம், மறுமொழி இல்லை.

பொட்டலம் ஒன்று வேண்டும். நம்மிடம் இருந்ததோ ஐந்நூறு ரூபாய் நோட்டு. டப்பாவில் நானூறு ரூபாய் இருந்தது. ஐந்நூறை இட்டு நானூறை எடுத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும் என்றார் ஓர் அன்பர். மற்றவர் மறுத்தார். “பண்டத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லிச் சிலேட்டில் விலை எழுதியிருக்கிறது. டப்பாவில் கை வைக்கச் சொல்லி எங்கே எழுதியிருக்கிறது?” என்பது அவர் வாதம். மூன்றாமவர், ஐந்து பொட்டலங்களாக வாங்கிவிடுவோம், பாவமும் இல்லை, பருப்பும் மிஞ்சும் என்றார். அவர் வியாபாரி, எந்தச் சிக்கலையும் கொள்முதலைக் கூட்டித் தீர்த்துவிடுவார்.

நம் எண்ணம் இரண்டாமவர் பக்கமே சாய்ந்தது. பண்டம் விலைக்கு மாற்றாக விடுவிக்கப்பட்டிருக்கிறது. டப்பாவிலுள்ள பணமோ ஏற்கெனவே அக்கடைக்காரருடையதாகிவிட்டது. அதை அவர் எவருக்கும் விடுவித்ததாக எழுதவில்லை. கணக்கு நேராவதனால் மட்டும் எடுத்தல் பெறுதல் ஆகிவிடாது. அண்டை வீட்டில் ஆளில்லாதபோது உள்ளே போய் ஒரு படி அரிசியை எடுத்துக்கொண்டு அதற்குரிய விலையை வைத்துவிட்டு வருபவரை நாம் நேர்மையாளர் என்போமா?

இப்படி நாம் நின்றிருக்கையில் முந்திரிக்காட்டுப் பக்கமிருந்து இரண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு மூதாட்டி வந்தார். நிலைமையைச் சொன்னோம். அவர் சிரித்தார். “அதுலேர்ந்து எடுத்துக்கிட வேண்டியதுதானே சாமி? போடத் தெரிஞ்சவங்களுக்கு எடுக்கத் தெரியாதா?” என்றார்.

நம் வாதம் முழுவதையும் அந்த ஒரு வாக்கியம் வேறொரு பக்கம் திருப்பிவிட்டது. கொடுத்தல் என்பது கையால் நிகழ்வது என்று நாம் கொண்டிருந்தோம். கையில்லாவிடின் எழுத்தால் நிகழ வேண்டும் என்று எண்ணினோம். அவரோ தமது கருத்தினால் முன்னமே கொடுத்துவிட்டுத்தான் ஆடு மேய்க்கப் போயிருக்கிறார். பண்டத்தை மட்டுமன்று, சில்லறை எடுக்கும் உரிமையையும் கொடுத்துவிட்டார். டப்பாவுக்கு மூடி இல்லாததே அதற்கு அடையாளம் போலும். எனினும் இங்கே ஒரு வரம்பைக் கருதவேண்டும். கொடுப்பவரின் கருத்து எவ்வளவு விரிந்தது என்பதைச் சொல்ல வேண்டியவர் கொடுப்பவரே. எடுப்பவர் தாமாக அதை விரித்துக்கொள்வாராயின், உலகில் களவு என்று எதுவுமே எஞ்சாது. “அவர் இருந்திருந்தால் கொடுத்திருப்பார்” என்பது திருடருக்கும் இயலும் வாதமே. ஆகவே, அம்மையார் சொல்லும் வரை நாம் டப்பாவைத் தொடாதிருந்தது பொருந்தும். சொன்னபின் தொடாதிருந்தால் அது வெறும் பிடிவாதம்.

ஆளில்லாத கடை என்பது ஒரு மூதாட்டியின் தனி வழக்கம் அன்று. வடகிழக்கே மிசோரம் மாநிலத்தில், ஐசால் நகரிலிருந்து செல்லும் நெடுஞ்சாலையில், செலிங் என்னும் ஊரையொட்டி இத்தகைய கடைகள் வரிசையாக உள்ளன. அம்மக்கள் மொழியில் அவற்றுக்கு ‘ங்கா லோ டோர்’ என்று பெயர். காப்பாளர் இல்லாத கடை என்பது பொருள். மூங்கிற்குடிசை, காய்கள், கனிகள், பழச்சாற்றுப் புட்டிகள், விலை எழுதிய பலகை, பணமிட ஒரு கலம். வழிப்போக்கர் வண்டியை நிறுத்தி வேண்டியதை எடுத்து, பணத்தை இட்டு, மீதியை அக்கலத்திலிருந்தே எடுத்துக்கொண்டு செல்கின்றனர். அங்கு விற்கப்படுவனவற்றுள் உலர்ந்த மீன் முதலியனவும் உண்டு. அவை நமக்கு ஆகா. ஆயினும் பிறர் பொருளிடத்தில் அம்மக்கள் காட்டும் ஒழுக்கத்தை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. தன்னலம் பாராது பிறர்க்கு உதவுதலை அவர்கள் ‘த்லோம்ஙைஹ்னா’ என்ற சொல்லால் குறித்து, அதைத் தம் வாழ்வின் நெறியாகப் போற்றுகின்றனர்.

இதில் போற்றத்தக்க அறம் மட்டுமே இருக்கிறது என்று எழுதிவிட்டால் பாதி உண்மையை மறைத்தவர்களாவோம். அங்குள்ளோர் மலைச்சரிவில் சிறு நிலங்களில் பயிரிடும் எளிய உழவர். வயலிலும் வேலை, கடையிலும் வேலை என்றால் இரண்டிற்கும் ஆள் கிடையாது. ஆள் வைத்தால் அவருக்குக் கொடுக்கும் கூலி கடையின் வருவாயைத் தின்றுவிடும். செந்துறை மூதாட்டிக்கும் இதே நிலைதான்; ஆட்டைப் பார்ப்பதா, கொட்டகையைப் பார்ப்பதா? நம்பிக்கை என்பது செல்வர்க்கு ஒரு அணிகலனாக இருக்கலாம். அவருக்கு அது முதலீடு. பத்துப் பேரில் ஒருவர் பணமிடாமல் போனாலும் மீதி ஒன்பது பேரால் அவர் பிழைத்துக்கொள்வார். ஐந்து பேர் அவ்வாறு போனால் கொட்டகையை மூடவேண்டியதுதான். பூட்டிய பெரிய கடையில் ஒரு பொருளைத் திருடுபவர் ஒரு பொருளைத் திருடுகிறார். இங்கே திருடுபவரோ அடுத்து வருபவர்க்காகத் திறந்துவைத்திருக்கும் வழியையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்.

தமிழருக்கு இச்செய்தி புதிதன்று. இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவு ஊரெடுத்த காதையிலே புகார் நகரத்தின் ஐந்து மன்றங்களைக் கூறுகிறார். அவற்றுள் முதலாவதான வெள்ளிடை மன்றத்தில், உரியவர் பெயரும் எண்ணும் நிறையும் பொறித்த பண்டப் பொதிகள் கதவும் காவலும் இன்றித் திறந்த வெளியில் கிடந்தன. எவரேனும் கள்ளத்தனமாக ஒரு பொதியைத் தூக்கினால், கழுத்து நோகும்படி அச்சுமையோடு அவர் சுற்றிச்சுற்றி வர நேருமேயன்றி வெளியேற இயலாது என்பது அங்குள்ள நம்பிக்கை. பொதியின் மேல் பெயர், எண், நிறை என்று அடிகள் எவ்வளவு நுட்பமாகக் கூறியிருக்கிறார் பாருங்கள்! வணிகம் அறிந்தவர் எழுதியது போலவே இருக்கிறது.

ஆனால் ஒரு வேறுபாடு. புகாரில் காவலர் இல்லையேயன்றிக் காவல் உண்டு. மன்றத்தின் மறைவான ஆற்றல் அது. இக்காலத்தில் அவ்விடத்தைக் கண்காணிப்புக் காமிரா பிடித்துக்கொண்டுவிட்டது. இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் 2006-ஆம் ஆண்டு ஒரு சோதனையை வெளியிட்டனர். ஊழியர்கள் தாமே தேநீர் கலந்துகொண்டு பணத்தைப் பெட்டியில் இடும் அறையில், விலைப்பட்டியலின் மேல் ஒரு வாரம் பூக்களின் படமும், மறுவாரம் மனிதக் கண்களின் படமும் மாறி மாறி ஒட்டப்பட்டன. கண்கள் ஒட்டிய வாரங்களில் ஏறத்தாழ மும்மடங்கு பணம் சேர்ந்தது. பின்னர்ப் பிறர் செய்த சோதனைகள் அனைத்திலும் இவ்விளைவு கிட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் காகிதத்தில் அச்சடித்த கண்ணுக்குக்கூட அஞ்சும் இயல்பு மனிதரிடம் சிறிதேனும் இருப்பதை நம் வீட்டுப் பிள்ளைகளிடமே காணலாம்.

பார்ப்பவருக்கு அஞ்சித் திருடாதவர் திருடாமை விரதம் காத்தவரா? உலகில் பல சமயங்கள் மேலிருந்து ஒருவர் காண்கிறார், கணக்கு வைக்கிறார், தண்டிப்பார் என்று சொல்லி மக்களை நெறிப்படுத்துகின்றன. அதனால் பயன் இல்லை என்று நாம் கூறவில்லை. நம் அறம் அந்த அடிப்படையில் எழவில்லை. கேவலஞானியர் யாவற்றையும் அறிகின்றனர். ஆயினும் அவர்கள் தண்டிப்பதும் இல்லை, மன்னிப்பதும் இல்லை. எடுத்தவரின் எண்ணத்தால் வினை அவர் உயிரில் வந்து ஒட்டுகிறது. ஒட்டுவதற்குச் சாட்சி தேவையில்லை. நெருப்பைத் தொட்டவனின் விரல் சுடுவதற்கு யாரேனும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? அப்படியானால் சிராவகர் ஒருவருக்கு ஆளுள்ள கடையும் ஆளில்லாத கடையும் ஒன்றேயாக இருத்தல் வேண்டும். அவ்வாறு இருக்கிறதா என்பதைச் சோதித்துப் பார்க்கச் செந்துறைக் கொட்டகை போன்ற இடம் வேறில்லை.

மனிதர் அத்துணைத் தாழ்ந்தவரும் அல்லர் என்பதற்குச் சான்று உண்டு. 2019-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், நாற்பது நாடுகளைச் சேர்ந்த 355 நகரங்களில் பதினேழாயிரத்திற்கும் மேற்பட்ட பணப்பைகள், ‘வழியில் கண்டெடுத்தது’ என்று சொல்லி வங்கி, விடுதி முதலிய இடங்களின் ஊழியரிடம் ஒப்படைக்கப்பட்டன. நம் நாடும் அதில் அடங்கும். பணமில்லாத பைகளை உரியவருக்குத் தெரிவித்தவர் நூற்றுக்கு நாற்பது பேர். பணம் இருந்தால் இத்தொகை குறையும் என்றே பொதுமக்கள் எதிர்பார்த்தனர். அது ஐம்பத்தொன்றாக உயர்ந்தது. வெறும் பையைத் திருப்பித் தராதவர் சோம்பேறி. பணப்பையைத் திருப்பித் தராதவர் தம் கண்ணுக்கே திருடர். அந்தப் பெயரைத் தமக்குத் தாமே சூட்டிக்கொள்ளப் பெரும்பாலோர் விரும்புவதில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில் என்று நாம் கற்றிருக்கிறோம். மூடியில்லாத டப்பாவைச் சாலையோரத்தில் வைப்பவர் பசித்தவனையும் பேராசைக்காரனையும் களவுக்குத் தூண்டுகிறார் அல்லவா? அது செய்வித்தல் ஆகாதா? ஆகாது என்பது நம் துணிபு. செய்வித்தலுக்கு அச்செயல் நிகழவேண்டும் என்ற எண்ணம் வேண்டும். மூதாட்டியின் எண்ணம் அதற்கு நேர்மாறானது. ஆயினும் தம் வீட்டு வேலையாளைச் சோதிப்பதற்காக வேண்டுமென்றே மேசை மேல் பணத்தைப் போட்டுவிட்டு ஒளிந்து நின்று பார்க்கும் செல்வரைப் பற்றி அவ்வாறு சொல்ல முடியாது. டப்பா ஒன்றே, ஒருவர் நம்பி வைக்கிறார், மற்றவர் பிடிப்பதற்காக வைக்கிறார்.

இக்காலத்தில் கட்டம் கட்டமாகக் கோடிட்ட அட்டை ஒன்றைச் சிறு கடையிலும் தொங்கவிட்டு, கைப்பேசி வழியே பணம் பெறுகின்றனர். பணம் வந்ததைக் கூவிச் சொல்லும் சிறு பெட்டியும் உண்டு. இவற்றால் சில்லறைச் சிக்கல் தீரும். முந்திரிக்காட்டின் நடுவே அலைவரிசை கிடைத்தால் நல்லதே.

இவை யாவற்றையும்விட நம் மனத்தை உறுத்திய செய்தி வேறொன்று. மூதாட்டி வந்து சேர்வதற்கு முன், அதாவது கடையில் எவரும் இல்லாத அந்தக் கால் மணி நேரத்தில், நம் நால்வருள் ஒருவரும் விலையைப் பற்றிப் பேசவில்லை. நூறு ரூபாய் என்று எழுதியிருந்தது. நூறு ரூபாயை எப்படிச் செலுத்துவது என்பதே பேச்சாக இருந்தது. எழுபது இட்டால் போதும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை; தோன்றியிருந்தால் அதைக் களவு என்றே அனைவரும் கூறியிருப்போம். அவர் வந்து தம் பெட்டியின் பின்னால் அமர்ந்த மறுகணமே நம் வியாபாரி அன்பர், “ஐந்தாக எடுத்தால் என்ன விலை போடுவீர்கள்?” என்றார். எண்பதில் தொடங்கித் தொண்ணூறில் முடிந்தது. மூதாட்டி ஐம்பது ரூபாய் இழந்தார். அவர் கடையில் இல்லாதிருந்தபோது அவருடைய விலைக்கு இருந்த மதிப்பு, அவர் வந்து அமர்ந்தபின் இல்லாது போயிற்று! காட்டிலேயே இன்னும் சிறிது நேரம் ஆட்டை மேய்த்துக்கொண்டிருந்தால் அவருக்கு இலாபம்.

பேரம் பேசுதல் களவு என்று நாம் கூற வரவில்லை. இருவரும் உடன்பட்ட விலையே விலை. கொடுப்பவர் தாமே கொடுக்கிறார். வணிகத்தை அறமாகச் செய்து வந்த மரபில் பிறந்த நமக்கு இது தெரியாததன்று. ஆனால் உடன்பாடு எத்தகைய நிலையில் பெறப்பட்டது என்று கேட்க வேண்டாமா? திருடாமை விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை உமாஸ்வாமி ஆசாரியர் எண்ணுகிறார். களவுக்குத் துணைபோதல், களவாடிய பொருளை வாங்குதல், அரச நெறிக்கு மாறாக நடத்தல், அளவிலும் எடையிலும் பொய்த்தல், போலிப்பொருளைக் கலத்தல் ஆகியன அவை. இவற்றுள் மூன்றாவதற்குப் பூஜ்யபாத ஆசாரியர் சர்வார்த்தசித்தியில் எழுதும் விளக்கம் கருதத்தக்கது. நாட்டில் நிலை குலைந்திருக்கும் வேளை பார்த்து, உயர்ந்த விலையுள்ள பொருளைச் சிறு விலைக்குக் கொள்ள முயல்வதை அவர் அங்கே சுட்டுகிறார். அரசு குலைந்த நாட்டுக்குச் சொன்னது, ஆள் நடமாட்டம் குறைந்த சாலைக்கும் ஓரளவு பொருந்தும் என்று நாம் கருதுகிறோம். அன்று மாலைக்குள் இன்னொரு வண்டி நிற்குமா என்பதை மூதாட்டி அறியார். அதை நாம் அறிவோம். அந்த அறிவைக்கொண்டே பேரம் நடந்தது. மிகப் பெரிய கடையில், விலைச்சீட்டு ஒட்டிய பண்டத்திற்கு நாம் வாய் திறவாமல் கேட்ட தொகையைக் கட்டிவிட்டு வருகிறோம்.

அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பதையும் நினைவிற் கொள்ளுதல் நலம். மாசியிலிருந்து சித்திரை வரை பழுத்து உதிரும் முந்திரியிலிருந்து கொட்டையைத் திருகி எடுத்து வெயிலில் உலர்த்துகிறார்கள். பின்னர் வறுத்து ஒவ்வொன்றாகத் தட்டி உடைக்கிறார்கள். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் காரத்தன்மையுடையது. தோலில் பட்டால் கொப்புளிக்கும். அதற்காகவே உடைப்பவர்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொள்கிறார்கள். ஏறத்தாழ நான்கு கிலோ கொட்டையை உடைத்தால் ஒரு கிலோ பருப்புத் தேறும். உடையாத முழுப்பருப்பை வணிகர் தனியே பிரித்து எடுத்துச் சென்றுவிடுகிறார்கள்; இரண்டாகவும் நான்காகவும் உடைந்ததுதான் சாலையோரப் பொட்டலத்துக்கு வருகிறது. மீதிப் பணத்தை எண்ணித் தந்தபோது அம்மூதாட்டியின் பெருவிரலும் சுட்டுவிரலும் நுனியில் கறுத்துத் தோல் உரிந்திருந்தன.